எரிமலை ஊர்களிடம் எடுப்பதும் விடுவதும்: ரிங்லெட்டுக்கு எந்த ஆய்வு ஏற்றது?

அக்டோபர் மழை தொடங்குவதற்குள் எங்கள் குடியிருப்போர் குழு ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள எங்கள் ரிங்லெட்டைச் சுற்றியுள்ள தோட்ட லயங்கள், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள், காய்கறித் தோட்டக் கொங்சிகள் (தொழிலாளர் கொட்டகைகள்) ஆகியவற்றில் எவை மண்சரிவுக்கும் சேற்று வெள்ளத்துக்கும் எளிதில் இரையாகும் என்று ஆராய்வதற்காக ஒரு சிறு தொகை சேர்ந்திருக்கிறது. கோயில் நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சூராவ் (முஸ்லிம் தொழுகைக்கூடம்) குழுவும் சேர்ந்து திரட்டிய பணம் அது. எந்த வகை ஆய்வுக்கு அதைச் செலவிடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. சரிவு வரைபடம், சேறு பாயும் பாதையின் வரைபடம், வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு, மழைமானியும் சைரனும் என்று நான்கு யோசனைகள் வந்திருக்கின்றன. நான்கையும் ஒப்பிட்டு என் முடிவையும் அதற்கான காரணங்களையும் எழுதுகிறேன். தாப்பா மலைச்சாலை ஓரத்திலும், பாலிங், சுங்கை சிப்புட் போன்ற மலையடி ஊர்களிலும் இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கும் இது உதவலாம்.

உதாரணங்களில் பெரும்பாலானவற்றை எரிமலை நாடுகளிலிருந்து எடுத்திருக்கிறேன். கேமரன் மலையில் எரிமலை கிடையாது. இது கருங்கல் மலை. பாறை மக்கிப்போய்ப் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகி, அதற்குள் பெரிய உருண்டைக் கற்கள் புதைந்து கிடக்கின்றன. அப்படியிருக்க எரிமலை எதற்கு என்று குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மலையடியில் வாழும் மக்களின் பாதிப்பு நிலையை முன்கூட்டியே அளப்பதில் உலகிலேயே அதிகம் அடிபட்டு அதிகம் கற்றவர்கள் எரிமலை ஊர்க்காரர்கள்தான். அங்கே உயிர்களைக் கொள்ளைகொண்டவை எல்லாமே வெடிப்புகளும் அல்ல. நிக்கராகுவாவின் காசித்தா எரிமலை 1998 அக்டோபர் 30 அன்று வெடிக்கவில்லை. மிட்ச் சூறாவளி கொட்டிய மழையில் அதன் உச்சிக்கு அருகே ஒரு பகுதி பெயர்ந்து, சேறாகி, எல் போர்வெனிர், ரோலாண்டோ ரோட்ரிகஸ் என்ற இரண்டு குடியிருப்புகளை அழித்தது. சுமார் 2,000 பேர் மாண்டனர். நமக்குக் கடல் தாண்டி இருக்கும் மேற்குச் சுமத்ராவில் 2024 மே 11 இரவு பெய்த மழை, மராப்பி எரிமலைச் சரிவில் கிடந்த சாம்பலையும் கல்லையும் ஆறுகள் வழியே அடித்து வந்து 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

மழையும் செங்குத்தான மலையும் பிடிப்பு விட்ட மண்ணும் ஓர் ஓடையும் கூடினால் அந்தப் பேரழிவு நடக்கும். இந்த நான்கும் நம்மிடம் இருக்கின்றன. 1996 ஆகஸ்ட் 29 அன்று கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங்கில் மரமும் மண்ணும் கல்லுமாக வந்த வெள்ளம் 44 பேரைப் பலிகொண்டது. பூர்வகுடி மக்களின் குடியிருப்பு அது. 2022 ஜூலை 4 அன்று குனோங் ஈனாஸ் மலையிலிருந்து இறங்கிய சேறு பாலிங், கூப்பாங் பகுதிகளைச் சூறையாடியது. நம் கேமரன் மலையிலேயே 2024 ஜனவரி 26 அதிகாலையில் புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர்கள் ஐவர் புதைந்து இறந்தார்கள்.

சரிவு வரைபடம்

குழுவில் பொறியியல் படித்தவர்கள் ஆதரிக்கும் யோசனை இது. ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துவது. நிலத்தின் சாய்வு, மண் வகை, பாறையின் வெடிப்புகள், நீரோட்டம், மரப்போர்வை ஆகிய ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்துக் கணினியில் அடுக்கடுக்காகப் பொருத்துவது. கடைசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டிய படத்தைப் பெறுவது. நம் நாட்டில் சாய்வை 15, 25, 35 பாகை எல்லைகளால் நான்கு வகுப்பாகப் பிரிப்பது வழக்கம். 35 பாகைக்கு மேற்பட்டது நான்காம் வகுப்பு, மிக அபாயகரமானது.

இதில் உண்மையான பலன் உண்டு. பள்ளிக்குப் புதுக் கட்டடமோ கோயிலுக்குக் கல்யாண மண்டபமோ எழுப்ப இடம் தேடுகிறோம் என்றால் இந்தப் படம் இல்லாமல் ஓர் அடியும் எடுத்து வைக்கக் கூடாது. அரசிடம் தடுப்புச் சுவர் கேட்டு விண்ணப்பிக்கவும் பொறியாளர் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். இந்த இரண்டையும் மறுப்பதற்கில்லை.

ஆனால், எங்கள் முன்னால் உள்ள கேள்வி வேறு. மழை கொட்டும் ஓர் இரவில் எந்த வீட்டாரை எழுப்பி எங்கே அனுப்புவது என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கேள்விக்குச் சரிவு வரைபடம் தவறான தைரியம் கொடுக்கும். கொலம்பியாவின் ஆர்மேரோ நகரத்தைப் பாருங்கள். நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையிலிருந்து ஆற்று வழியாக 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சமவெளியில், நல்ல விளைநிலத்தின் நடுவே இருந்த ஊர் அது. சாய்வை மட்டும் அளந்தால் ஊர் முழுவதும் முதல் வகுப்பு, பச்சை நிறம். 1985 நவம்பர் 13 இரவு எரிமலை சிறிய அளவில்தான் வெடித்தது. உச்சியிலிருந்த பனி உருகி, பள்ளத்தாக்குகளில் இருந்த மண்ணையும் கல்லையும் வாரிக்கொண்டு, சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஆர்மேரோவை அடைந்தது. ஊரில் 20,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சமவெளியே பழைய சேறு படிந்து உண்டான நிலம். 1845இல் அதே இடத்தில் இதே போன்ற சேறு வந்து சுமார் 1,000 பேரைக் கொன்றிருந்தது.

சேறு செங்குத்தான இடத்தில் புறப்படுகிறது, சாய்வு குறைகிற இடத்தில் படிகிறது. மக்கள் வீடு கட்டுவதும் சாய்வு குறைகிற இடத்தில்தான். எங்கள் லயங்களும் ஓடைக்கரையில் கிடைத்த சமதரையில்தான் வரிசையாக நிற்கின்றன. சரிவுப் படத்தில் அவை பச்சையாகவே தெரியும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனிம, புவி அறிவியல் துறை மலைப்பகுதிகளுக்கு லேசர் அளவையின் துணையோடு சரிவு ஆபத்து, இடர் வரைபடங்களைத் தயாரித்து வருகிறது. பொதுப்பணித் துறையில் 2004 முதல் சரிவுப் பொறியியலுக்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. அரசு செய்து வருகிற வேலையை நம் சேமிப்பில் இன்னொரு முறை, அதுவும் குறைந்த துல்லியத்தில் செய்வானேன்? மாவட்ட மன்றத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் கேட்போம். கிடைக்கும் வரை விடாமல் கேட்போம்.

சேறு பாயும் பாதை

இரண்டாவது யோசனைதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எரிமலை ஊர்களில் ஆபத்தை முதலில் வட்டம் போட்டுத்தான் குறித்தார்கள்: உச்சியிலிருந்து இத்தனை கிலோமீட்டர் வரை யாரும் இருக்கக் கூடாது. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் உள்ள மெராப்பி (முன்பு சொன்ன சுமத்ராவின் மராப்பி வேறு) 2010இல் சீறியபோது அந்த வட்டம் 10, 15, 20 கிலோமீட்டர் என்று விரிந்துகொண்டே போனது. நவம்பர் 5 அன்று கெண்டோல் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு சுமார் 15 கிலோமீட்டர் தூரம் எரிசாம்பல் மேகம் பாய்ந்தது. வேறு திசையில் அதே தூரத்தில் இருந்த பல ஊர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஒரு வீடு இருக்கிறது என்பதைவிட, எந்தப் பள்ளத்தாக்கின் வாயில் இருக்கிறது என்பதே முக்கியம்.

இதைக் கணக்காக்கியவர்கள் அமெரிக்காவின் ஐவர்சன், ஷில்லிங், வாலன்ஸ் ஆகிய மூன்று அறிவியலாளர்கள். 1998இல் அவர்கள் முன்வைத்த முறை எளிமையானது. வரப்போகும் சேற்றின் கன அளவை முதலில் உத்தேசமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதை மூன்றில் இரண்டு என்ற அடுக்குக்கு உயர்த்தி, 0.05ஆல் பெருக்கினால் ஓடையில் சேறு அடைத்துக்கொள்ளும் குறுக்குவெட்டுப் பரப்பும், 200ஆல் பெருக்கினால் கீழே அது மூடப்போகும் நிலப்பரப்பும் கிடைக்கும். அளவுகள் எல்லாம் மீட்டர் கணக்கில்.

இந்த எண்களை அப்படியே கேமரன் மலைக்கு எடுத்து வரக் கூடாது. எரிமலைச் சேறு நீர்த்தது, வெகுதூரம் பரவும். எரிமலை அல்லாத மலைகளில் கல்லும் மரமுமாக வரும் சேற்றோட்டம் கெட்டியானது. குறைந்த இடத்தில் உயரமாகக் குவியும். கிரிஸ்வோல்ட், ஐவர்சன் இருவரும் 2008இல் அதற்கான எண்களைத் தனியே கொடுத்தார்கள்: குறுக்குவெட்டுக்கு 0.1, மூடும் பரப்புக்கு 20. இரண்டையும் ஒரே கன அளவுக்குப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். 10,000 கன மீட்டர் எரிமலைச் சேறு சுமார் 23 ஏக்கரை மூடும். அதே அளவு கருங்கல் மலைச் சேறு சுமார் 2.3 ஏக்கரை மூடும். ஆனால், ஓடையில் பின்னதற்கு இரண்டு மடங்கு குறுக்குவெட்டு தேவை: 23 சதுர மீட்டருக்குப் பதிலாக 46. எரிமலை நாட்டின் படத்தை நகலெடுத்தால் தேவையில்லாத ஊரையெல்லாம் சிவப்பாக்குவோம். ஓடையோரத்தில் சேறு எவ்வளவு உயரம் எழும்பும் என்பதைக் குறைத்தும் மதிப்பிடுவோம்.

எங்கள் குடியிருப்பில் இதைப் பொருத்திப் பார்த்தேன். சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்துகிற கான்கிரீட் குழாயின் விட்டம் 1.2 மீட்டர். அதன் வாய் 1.13 சதுர மீட்டர். மிகச் சிறிய சரிவு ஒன்றை நினைத்துக்கொள்வோம்: 1,000 கன மீட்டர், அதாவது பத்து கன மீட்டர் பிடிக்கும் லாரிகளில் நூறு லாரி மண். அதற்கே 10 சதுர மீட்டர் குறுக்குவெட்டு வேண்டும். அந்தக் குழாயோ சாதாரண நாளிலேயே பாதி அடைபட்டிருக்கிறது. மேலே காய்கறிப் பந்தல்களிலிருந்து கிழிந்து வந்த பிளாஸ்டிக் விரிப்பு, உரச் சாக்கு, மூங்கில் கழி, அவற்றின் மேல் செம்மண். குழாயின் மேற்புறச் சுவரில் பழைய மழைகள் விட்டுப்போன சேற்றுக் கறை சாலை விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை ஏறியிருக்கிறது. சேறு உள்ளே போகாது. சாலை மீது ஏறி, இடப்பக்கம் தாழ்வாக இருக்கும் லயத்துக்குள் திரும்பும். சரிவுப் படம் எதிலும் இது தெரியாது. நடந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த யோசனையின் பெரிய பலமே நடந்து பார்த்துச் செய்யலாம் என்பதுதான். காய்ந்த நாளாகப் பார்த்து நாலைந்து பேர் சேர்ந்து ஓடையின் வாயிலிருந்து மேல்நோக்கி ஏற வேண்டும். இப்போது ஓடும் நீரால் நகர்த்தவே முடியாத பெரிய கற்கள் கரையில் கிடக்கின்றனவா? மேற்பக்கத்து மரப்பட்டைகளில் எந்த உயரத்தில் காயம் இருக்கிறது? ஓடை மலையை விட்டு வெளியேறும் இடத்தில் நிலம் விசிறிபோல விரிந்து மேடிட்டிருக்கிறதா? மலைமேல் தோட்டங்கள் வெட்டி வைத்திருக்கும் நீர்க்குட்டைகள் எத்தனை, அவற்றின் கரை மண்ணா, கான்கிரீட்டா? இவற்றைக் குறித்துக்கொண்டு, 1,000, 10,000, 100,000 கன மீட்டர் என்று மூன்று அளவுகளுக்குப் படம் வரைந்தால் போதும். பெரியவர்களிடம் கேட்பதும் இதில் சேர்த்தி. அணையும் சாலையும் வருவதற்கு முன் ஓடை எங்கே ஓடியது என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை விட்டால் அந்தச் செய்தி வேறெங்கும் கிடைக்காது.

குறையும் உண்டு. கன அளவு வெறும் உத்தேசம்தான். மலை எவ்வளவு மண்ணை அனுப்பும் என்று அளந்து சொல்ல எங்களால் முடியாது. ஓடை இல்லாத இடத்தில் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவர் நேராக இடிந்து விழுவதையும் இந்த முறை காட்டாது. அதற்கு ஒவ்வொரு வீட்டின் பின்புறத்தையும் தனியே பார்க்க வேண்டும். லெம்பா பெர்த்தாம் போல அணைக்குக் கீழே இருக்கும் பகுதியின் நிலையும் வேறு. 2013 அக்டோபர் 23 அன்று நள்ளிரவுக்குப் பின் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அங்கே உயிர்களைப் பறித்தது. அங்குள்ளவர்கள் மழையோடு அணையின் நிலவரத்தையும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வீடு

சேறு எங்கே வரும் என்று தெரிந்துவிட்டது. வரும்போது அங்கே யார் இருப்பார்கள்?

இந்த யோசனையைக் கொண்டு வந்தவர்கள் குழுவிலுள்ள பெண்கள். ஒவ்வொரு வீட்டிலும் இரவில் எத்தனை பேர் படுக்கிறார்கள், மலைப்பக்கத்து அறையில் படுப்பவர் யார், நடக்க முடியாதவர் உண்டா, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் உண்டா, கைக்குழந்தை உண்டா, கைப்பேசியில் அலை பிடிக்குமா, அடையாள அட்டையும் பத்திரங்களும் எங்கே இருக்கின்றன, வாகனம் உண்டா, இரவில் அதை ஓட்டக்கூடியவர் வீட்டில் இருப்பாரா. எல்லாம் நேரடியான கேள்விகள். சுத்திகரிப்புக்குப் போகிறவரைப் பற்றிய கேள்வி முக்கியமானது. தாப்பா சாலை இரண்டு நாள் அடைபட்டாலே அவர் உயிருக்கு ஆபத்து; அவர் வீட்டின் மேல் ஒரு கூடை மண்கூட விழ வேண்டியதில்லை.

ஆராய்ச்சியாளர்கள் இந்தத் தகவல்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரே எண்ணாகத் திரட்டுவார்கள். அங்கேதான் கவனம் தேவை. மூன்று அம்சங்களுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீடு சேற்றுப் பாதையிலேயே இல்லை: ஆபத்து 0, ஆனால் படுத்த படுக்கையான பாட்டி இருக்கிறார், அதற்கு 5, பழைய பலகை வீடு, அதற்கு 4. இரண்டாவது வீட்டுக்கு மூன்றிலும் 3. கூட்டினால் இரண்டுக்கும் 9. பெருக்கினால் முதலாவதற்கு 0, இரண்டாவதற்கு 27. சேற்றோட்டத்துக்குப் பெருக்கல்தான் பொருந்தும். பாதையில் இல்லாத வீட்டில் சேறு வராது. பல ஆய்வுகள் கூட்டியே முடித்துவிடுகின்றன. ஆகவே மதிப்பெண்ணே போட வேண்டாம் என்பது என் கருத்து. பாதையில் இருக்கும் வீடுகளை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன உதவி தேவை என்று எழுதி வைத்தால் போதும். எங்கள் ஊருக்கு அது அதிகம் உதவும்.

இந்தக் கணக்கெடுப்பின் அருமையை மெராப்பியும் சினாபுங்கும் நமக்குக் காட்டியிருக்கின்றன. 2010இல் மெராப்பி அடிவாரத்தில் வெளியேறியவர்கள் மாட்டுக்குத் தீனி போடத் திரும்பத் திரும்ப மேலே ஏறினார்கள். மாடுகளை விலைக்கு வாங்கிக்கொள்வதாக அரசு அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. வடக்குச் சுமத்ராவில் கேமரனைப் போலவே காய்கறி விளையும் காரோ மேட்டுநிலத்தில் நிற்கும் சினாபுங் சுமார் 400 ஆண்டு உறக்கம் கலைந்து 2010இல் எழுந்தது. 2016 மே மாதம் அங்கே இறந்த ஏழு பேரும் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் பயிரைக் கவனிக்கப் போனவர்கள். அவர்களுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. பிழைப்பு அங்கே இருந்தது. இங்கேயும் ஆடு மாடு வைத்திருப்பவர், மருந்தடிக்கும் இயந்திரத்தைக் கடனில் வாங்கியவர், இரவுக் காவல் வேலையை விட்டு வர முடியாதவர் என்று பலர் இருக்கிறார்கள். எது அவர்களை வீட்டோடு பிடித்து வைக்கும் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது கொங்சிகள். வங்காளதேசம், நேப்பாளம், மியன்மாரிலிருந்து வந்த தொழிலாளர்கள் மலைச்சரிவின் அடியிலேயே தகரக் கொட்டகைகளில் தங்குகிறார்கள். வாக்காளர் பட்டியலிலும் இல்லை, பள்ளிப் பதிவிலும் இல்லை, எங்கள் கோயில் வரிப் புத்தகத்திலும் இல்லை. புளூ வேலியில் இறந்தவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தான். நம் பாட்டன் பூட்டன் கப்பலில் வந்து இறங்கியபோது அவர்களும் இதே போன்ற கணக்கில் வராத ஆட்களாகத்தான் லயங்களில் அடைக்கப்பட்டார்கள். அந்த வரலாற்றைச் சுமக்கும் நாம் கொங்சிகளை விட்டுவிட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தினால் அதை நான் ஏற்கமாட்டேன்.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. ஒப்பந்தம் முடிந்து ஆட்கள் மாறுவதால் ஆறு மாதத்தில் தகவல் பழசாகிவிடும். யார் வீட்டில் நோயாளி, யார் தனியாக இருக்கிறார் என்ற பட்டியல் தவறான கையில் சிக்கினால் தீங்கு விளையும். பட்டியல் இருவரிடம் மட்டும் இருக்க வேண்டும், கைப்பேசிக் குழுக்களில் ஒரு வரிகூடப் பகிரக் கூடாது என்று முதலிலேயே விதி செய்ய வேண்டும்.

மழைமானியும் சைரனும்

இளைஞர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் பொருள் என்பதால் நன்கொடையாளர்களுக்கும் பிடிக்கும். தானியங்கி மழைமானி, குறித்த அளவைத் தாண்டினால் ஒலிக்கும் சைரன். ஆனால், எந்த அளவில் ஒலிக்க வேண்டும்? நெல் கெய்ன் 1980இல் உலகம் முழுவதிலுமிருந்து திரட்டிய தரவுகளில் மேலோட்டமான மண்சரிவும் சேற்றோட்டமும் தொடங்கும் கீழ்வரம்பைக் கணக்கிட்டார். அதன்படி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிமீட்டர், அல்லது 24 மணி நேரத்தில் சுமார் 103 மில்லிமீட்டர். மணிக்கு 15 மில்லிமீட்டர் என்பது இங்கே சாதாரண மாலை மழை. நம் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வகைப்பாட்டில்கூட அது மிதமான மழைதான். 60க்கு மேல் போனால்தான் மிகக் கனமழை. கெய்னின் எண்ணை வைத்தால் சைரன் ஓயாமல் அலறும், மூன்றாம் வாரம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். நம் மலைக்குரிய எண்ணைக் கண்டுபிடிக்கச் சில ஆண்டு மழைக் குறிப்பும், எந்த மழையில் எங்கே மண் விழுந்தது என்ற குறிப்பும் சேர்த்துத் தேவை. அதற்கு நேரான சுவருள்ள பாத்திரமும் அடிக்கோலும் தினமும் ஒரே நேரத்தில் எழுதும் ஒருவரும் போதும். தமிழ்ப்பள்ளி மாணவர்களே இதைச் செய்யலாம். சைரன் பிறகு வரட்டும்.

என் தேர்வு

சேற்றுப் பாதை வரைபடத்தை முதலில் செய்து, அந்தப் பாதையில் விழும் வீடுகளிலும் கொங்சிகளிலும் மட்டும் வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பது. இதுவே என் தேர்வு. ஊர் முழுவதையும் கணக்கெடுக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பாதை தெரிந்துவிட்டால் வேலை சிறிதாகிவிடும்.

வரைபடம் மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு மறுபடியும் ஆர்மேரோதான் பதில். பேரழிவுக்கு ஐந்து வாரம் முன்னால், 1985 அக்டோபர் 7 அன்றே, ஆர்மேரோவைச் சேறு தாக்கக்கூடும் என்று காட்டிய ஆபத்து வரைபடம் வெளியாகியிருந்தது. பேரழிவு நடந்த நவம்பர் 13 பிற்பகலே ஊரில் சாம்பல் தூவியது. அமைதியாக இருங்கள் என்ற அறிவிப்புதான் மக்களைச் சென்றடைந்தது. பிலிப்பைன்ஸின் பினாத்துபோவில் 1991 ஜூன் 15 அன்று நடந்தது அதைவிடப் பன்மடங்கு பெரிய வெடிப்பு. அங்கேயும் வரைபடம் இருந்தது. அதோடு எரிமலைச் சேறும் எரிசாம்பல் மேகமும் எப்படி இருக்கும் என்று காட்டும் காணொளியை அதிகாரிகளுக்கும் ஊர் மக்களுக்கும் முன்கூட்டியே போட்டுக் காட்டினார்கள், ஆபத்து நிலையை எண்களால் அறிவித்தார்கள், பல்லாயிரம் பேரை வெளியேற்றினார்கள். அங்கே இறந்தவர்களில் பலர் சாம்பலும் சூறாவளி மழையும் சேர்ந்து கனத்த கூரை இடிந்து விழுந்து இறந்தவர்கள். கூரையின் பலத்தை யாராவது வீடு வீடாகப் பார்த்திருந்தால் அவர்களில் சிலரையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பணத்தில் பெரும் பகுதியைக் குழாயின் மேற்புறத்தில் கம்பித் தடுப்பு அமைக்கவும், அதை மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை சுத்தம் செய்யும் கூலிக்கும் ஒதுக்கலாம் என்பது என் யோசனை. நடந்து பார்க்கவும் வரையவும் செலவு அதிகம் ஆகாது. மீதியில் மெராப்பிக்குப் பக்கத்தில் மாகெலாங் வட்டாரம் செய்வதுபோல ஒன்றைத் தொடங்கலாம். அங்கே வெளியேற வேண்டிய ஒவ்வொரு கிராமத்துக்கும் அடைக்கலம் தரும் ஒரு கிராமத்தை முன்பே இணைத்து வைத்திருக்கிறார்கள்; எந்தக் குடும்பம் எங்கே போகும் என்பது நெருக்கடிக்கு முன்பே முடிவாகிவிடும். எங்கள் கீழ்லயத்தை மேட்டுத் தாமானோடு அப்படி இணைக்கலாம். அங்கே பலர் எங்கள் உறவுக்காரர்கள். மற்றவர்களுக்குப் பள்ளி மண்டபம் இருக்கிறது. கொங்சித் தொழிலாளர்களை எங்கே தங்க வைப்பது என்பதைச் சூராவ் குழுவோடு பேச வேண்டும்.

ஓர் எதிர்ப்பு நிச்சயம் வரும். தம் நிலத்துக்குள் நுழைந்து ஆட்களை எண்ணுவதைச் சில தோட்ட முதலாளிகள் விரும்ப மாட்டார்கள். அனுமதி தராத இடத்தையும் வரைபடத்தில் குறிப்போம். எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று அதன் பக்கத்திலேயே எழுதி, அந்தத் தாளின் நகல்களை மாவட்ட அலுவலகத்திலும் பொம்பா (தீயணைப்பு) நிலையத்திலும் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்வோம்.